"போற காசுக்கெல்லாம் தேதி இருக்கு... வர்ற காசுக்கு?" - கடமலைக்குண்டில் ஓர் அம்மாவின் கணக்கு நோட்டு

கடமலைக்குண்டில் இருக்கும் அந்த வீட்டில் காலண்டர்கள் இரண்டு. ஒன்று, மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். நல்ல நேரம், ராகு காலம் பார்க்க. இன்னொன்று, அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணைக்கு அடியில் இருக்கும் 80 பக்க கோடு போட்ட நோட்டு. வீடு நடப்பது இந்த இரண்டாவது காலண்டரில்தான்.

செவ்வாய்க்கிழமை, குழுக் கடன் தவணை 650. ஐந்தாம் தேதி, அடகுக்கடை வட்டி 400. மாதக் கடைசி, ரீசார்ஜ். செமஸ்டர் வந்தால் மகளின் பரீட்சைக் கட்டணம். வலது பக்கம் செலவு, இடது பக்கம் வரவு. வலது பக்கத்தில் எல்லா வரிக்கும் முன்னால் ஒரு தேதி இருக்கும். இடது பக்கத்தில் பல வருடங்களாகத் தேதியே இருந்ததில்லை.

"போற காசுக்கெல்லாம் தேதி இருக்கு. வர்ற காசுக்குத்தான் தேதி இல்ல" என்பார் அம்மா. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பட்ஜெட் என்ற வார்த்தையை டி.வி-யில்தான் கேட்டிருக்கிறார். ஆனால், 2020 ஊரடங்கில் காதில் கிடந்த கம்மலை அடகு வைத்த நாளிலிருந்து தினமும் ஒரு பட்ஜெட் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தேதி இல்லாத வருமானம்

வருசநாட்டு மலைகளிலிருந்து இறங்கி வரும் மூல வைகையை ஒட்டிய ஊர்கள் இவை. தென்னந்தோப்பு, இலவமரம், மலைப்பக்கம் போனால் கொட்டை முந்திரி. அப்பாவுக்கு மரம் ஏறும் வேலை. தென்னையில் வெட்டு 45 நாளுக்கு ஒருமுறை வரும், சில தோப்பில் 60 நாள் ஆகும். விலை இறங்கினால், "கொஞ்சம் பொறுத்து வெட்டலாம்பா" என்பார் தோப்புக்காரர். அந்தப் பொறுமை அப்பாவின் கூலியில் கழியும். கோடையில் இலவங்காய் பறிப்பு. அப்போது அம்மாவுக்கும் காய் உடைத்துப் பஞ்சு எடுக்கும் வேலை கிடைக்கும். சீசன் முடிந்தால் இரண்டும் நின்றுவிடும்.

மிச்ச நாளுக்கு நூறு நாள் வேலை. வேலை முடிந்த 15 நாள்களுக்குள் கூலி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அம்மாவின் நோட்டில் அந்த வரிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கும்.

பொங்கல் பரிசுகூட அப்படித்தான். நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு தைக்கும் ஒரு கணக்கு. 2021-ல் 2,500 ரூபாய். 2022-ல் காசு கிடையாது, 21 பொருள் கொண்ட பை. 2023-லும் 2024-லும் 1,000 ரூபாய். 2025-ல் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும். வந்தால் சந்தோஷம். ஆனால், வரும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது.

2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரை வைத்திருந்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது, பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் நகையை மீட்டு வந்தார்கள். அம்மாவின் கம்மல் இருந்தது தனியார் அடகுக்கடையில். 20,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு ரெண்டு வட்டி. ஊரடங்கு அவசரத்தில், எந்த வாசலில் ஏறினால் பின்னாளில் தள்ளுபடி வரும் என்று யாருக்குத் தெரியும்?

இடது பக்கத்தில் முதல் தேதி

2023 மார்ச் 20 அன்று சட்டமன்றத்தில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட் வாசித்தார். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய், அந்த ஆண்டுக்கு 7,000 கோடி ஒதுக்கீடு என்ற அறிவிப்பு வந்தது. ஜூலையில் விண்ணப்ப முகாம்கள். சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. செப்டம்பர் 15-ல் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பட்டியலில் இருந்தார்கள். அம்மாவும் ஒருவர்.

முதல் மாதம் வந்த காசு முழுசாகக் கைக்கு வரவில்லை. அவர் கணக்கு வைத்திருந்த வங்கி, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விட்டது. அன்று மாலை அம்மா நோட்டில் எழுதியது: "15 - 1000. பிடித்தம் போக மீதி." அடுத்த மாதம் பிடித்தம் இல்லை. அதற்கடுத்த மாதமும் காசு வந்தது. நான்காவது மாதம், "15" என்று அவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். இடது பக்கத்தில் ஒரு தேதி முன்னதாகவே எழுதப்பட்டது அதுதான் முதல்முறை.

1,000 ரூபாயில் என்ன வாங்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அம்மாவிடமே ஊரில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவரிடம் அப்போது பதில் இல்லை. பதில் ஒரு வருடம் கழித்து வந்தது.

நவம்பர் விழுந்த வீடு

2024 நவம்பர். மழை விட்டு, ஈரம் காயாத ஒரு காலை. தென்னையிலிருந்து அப்பா வழுக்கி விழுந்தார். இடது காலில் எலும்பு முறிவு, இடுப்பில் அடி. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை. வைத்தியத்துக்குக் காசு இல்லை. ஆனால், வைத்தியம் பார்க்கும் நாளில் வீட்டில் உலை வைக்கக் காசு வேண்டுமே? "மூணு மாசம் எந்திரிக்கக் கூடாது, ஒரு வருஷத்துக்கு மரத்துப் பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர்.

அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் அப்பா பதிவு செய்திருந்தால் விபத்துக்கு உதவி கேட்டிருக்கலாம். "அடுத்த மாசம் பதியலாம்" என்று பல அடுத்த மாசங்கள் போயிருந்தன.

அதே நேரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி வராமல் நின்றது. நிலுவை 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கேட்டு, 2025 ஜனவரி 13-ல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டெல்லியிலிருந்து நிதி வரவில்லை என்பது சென்னைக்கு ஒரு செய்தி. கடமலைக்குண்டில் அது, ஏற்கெனவே மண் சுமந்து முடித்த நாள்களுக்கான காசு. அன்றைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அம்மாவுக்கு வர வேண்டியது 14 நாள் கூலி. அது கைக்கு வந்தபோது கோடை பிறந்துவிட்டது.

அந்த டிசம்பர் மாதத்துப் பக்கம் இப்போதும் நோட்டில் இருக்கிறது.

வரவு: உரிமைத் தொகை 1,000. மகளுக்குக் கல்லூரி மாணவி என்பதால் வரும் புதுமைப்பெண் 1,000. தோட்ட வேலைக்கு ஐந்து நாள் போனதில் 1,500. மொத்தம் 3,500.

செலவு: குழுக் கடன் நான்கு செவ்வாய் 2,600. அடகு வட்டி 400. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோ 600. மளிகை 1,100. பரீட்சைக் கட்டணம் 900. மொத்தம் 5,600.

துண்டு 2,100 ரூபாய்.

அரிசி இந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம், அதிகபட்சம் 20 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் வருகிறது. கரன்ட் பில்லும் இல்லை, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணம் கிடையாது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு மதியம் பள்ளியில் சத்துணவு. க.விலக்குக்கு அம்மா போய் வந்ததில், டவுன் பஸ் கிடைத்த நாளெல்லாம் டிக்கெட் இல்லை. 2021 மே மாதம் தொடங்கிய இலவசப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்த டிசம்பரில் இவையெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால், துண்டு 2,100-ல் நின்றிருக்காது.

"மில்லுக்கு ஆள் எடுக்காகளாம்..."

ஒரு சாயங்காலம் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"ஸ்பின்னிங் மில்லுக்குப் பொம்பளப் பிள்ளைக எடுக்காகளாம். தங்குறதுக்கு எடமும் அங்கேயே. மாசம் பொறந்தாச் சம்பளம். ஒரு வருஷம் போயிட்டு வரட்டுமே... படிப்பு எங்க ஓடிறப் போகுது?"

உள்ளறையில் பி.காம் இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்திருந்த மகளுக்கு அது கேட்டது. அப்பா எதுவும் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. அத்தை சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் சிக்கல். 'மாசம் பொறந்தாச் சம்பளம்' என்ற மூன்று சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்த விலை எல்லோருக்கும் தெரியும்.

அன்றிரவு அம்மா நோட்டோடு மளிகைக் கடைக்குப் போனார். கடன் கேட்கப் போகிறவர் நோட்டை எதற்குக் கொண்டுபோனார் என்று அவருக்கே தெரியாது. அண்ணாச்சி நோட்டைப் பார்க்கவே இல்லை.

"பதினஞ்சாந்தேதி உனக்குக் காசு வருமுல்ல தங்கச்சி? அப்பக் குடு. இப்ப வேண்டியத எடுத்துட்டுப் போ."

நடந்து திரும்பும்போதுதான் அம்மாவுக்கு அது உறைத்தது. அவருடைய வீட்டுக்காரர் மரம் ஏறிய காலத்தில்கூட அண்ணாச்சி இவ்வளவு சுலபமாகக் கடன் கொடுத்ததில்லை. அப்போது வந்த கூலி 1,000 ரூபாயைவிட அதிகம். ஆனால், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த 1,000 சின்னத் தொகைதான். ஆனால், அது வரும் நாள் கடைக்காரருக்கும் தெரியும், குழுத் தலைவிக்கும் தெரியும். தேதி தெரிந்த காசை நம்பித்தான் ஊர் கடன் கொடுக்கிறது.

துண்டு விழுந்த 2,100-ல் 1,100 அண்ணாச்சி கடன். மிச்சம் 1,000 ரூபாயைக் கொடுத்தது அத்தையேதான். "புள்ள பரீட்சைய எழுதிறட்டும், பெறகு பாப்போம்" என்றார். மில் பேச்சு பிறகு வரவே இல்லை.

மகள் போட்ட மூன்றாவது கட்டம்

2025 மார்ச் 14-ல் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட் வாசித்தபோது, மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் 'ரூ' என்ற எழுத்தைப் பற்றிப் பேசிய நாள் அது. அவள் தேடியது அம்மாவின் வரியை. கிடைத்தது: மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி ரூபாய்.

"அம்மா, உன் ஆயிரம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று காட்டினாள்.

"அம்புட்டுக் காசு எங்கிட்டிருந்து வருதாம்?" என்றார் அம்மா.

பி.காம் படிக்கும் பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வி. அந்த ஆண்டுக் கடைசியில், நோட்டில் வரவு, செலவுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள் மகள். தலைப்பு: 'வரி'.

ஆகஸ்ட் மாதச் செலவை எடுத்துக்கொண்டாள். குளியல் சோப்பு 140, ஷாம்பு சாஷே, பேஸ்ட், தலைக்கு எண்ணெய் எல்லாம் சேர்த்து 150, பிஸ்கட் 100, துணி துவைக்கும் பவுடர் 150, இரண்டு போன் ரீசார்ஜ் 600. இவையெல்லாம் அப்போது 18 சதவிகித ஜி.எஸ்.டி. ரேஷன் போக வாங்கிய எண்ணெய், டீத்தூள், மசாலாவுக்கும் வீட்டு சிலிண்டருக்கும் 5 சதவிகிதம். காய்கறி, தேங்காய், சில்லறையாக வாங்கும் அரிசிக்கு வரி இல்லை. அதே அரிசி 25 கிலோவும் அதற்குக் கீழும் லேபிள் ஒட்டிய பையில் வந்தால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவிகிதம்.

கூட்டிப் பார்த்தாள். மாதம் 211 ரூபாய். இதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு.

"நான் வரி கட்டுறேனா?" அம்மாவுக்கு ஆச்சர்யம். வரி கட்டுகிறவர்கள் என்றால் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி அடுக்குகள் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. மகனின் நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை. தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்று உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்த ஒரு வழக்கு உண்டு. இப்போது இரண்டுக்கும் ஒரே 5 சதவிகிதம்.

மகள் மறுபடி கணக்குப் போட்டாள். அதே பொருள்களை அதே அளவில் வாங்கி, வரிக் குறைப்பு முழுசாக விலையில் வந்தால், 211 ரூபாய் 168 ஆகிறது. மாதம் 43 ரூபாய் மிச்சம். துணிப் பவுடருக்கும் ரீசார்ஜுக்கும் 18 அப்படியே இருக்கிறது. ரீசார்ஜுக்குப் போகும் வரி மட்டும் சுமார் 91 ரூபாய். அதாவது, அந்த வீட்டின் வரியில் பாதிக்கு மேல் சமையலறையில் இல்லை, போனில் இருக்கிறது. உரிமைத் தொகை வந்த செய்தியைப் பார்ப்பதும் அந்த போனில்தான்.

'கடை' என்ற ஒரு சொல்

கணக்கு அதோடு முடியவில்லை. பழைய பக்கங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை மகள் தாண்டிப் போயிருந்தாள். 'கடை - 140'. மளிகைக் கடை என்றால் அம்மா 'அண்ணாச்சி' என்று எழுதுவார். வெறும் 'கடை' என்றால் அது டாஸ்மாக்.

விழுவதற்கு முன்பு, வாரத்தில் மூன்று நாள். மாதம் 12 என்று வைத்தால் 1,680 ரூபாய். 2024 பிப்ரவரியில் சாதாரண ரக குவார்ட்டர் பாட்டிலுக்கு 10 ரூபாய் ஏறியபோது, அம்மா அதையும் குறித்து வைத்திருக்கிறார். 'கடை 130' என்பதை அடித்துவிட்டு 'கடை 140'.

மதுவுக்கு ஜி.எஸ்.டி இல்லை. அதன் வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. பாட்டில் விலையில் பெரும்பங்கு ஆயத்தீர்வையும் வாட் வரியும்தான். 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டதிலிருந்து, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த வருமானம் பெரும்பாலும் ஏறித்தான் வந்திருக்கிறது. 2024-25-ல் அது 48,344 கோடி ரூபாய்.

மகள் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதினாள். பெண்களின் கைக்குப் போக ஒதுக்கியது 13,807 கோடி. மதுக்கடை வழியாக வந்தது 48,344 கோடி. அதற்குக் கீழே வீட்டுக் கணக்கு. அம்மாவுக்கு வந்தது 1,000. அப்பா கடையில் கொடுத்தது 1,680. பென்சிலை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து தென்னை ஓலையை முடைந்துகொண்டிருந்தார். எழுத்து தூரத்தில் இருந்தாலும், பேச்சு எதைப் பற்றி என்று அவருக்குப் புரிந்தது.

"அம்புட்டுமா?" என்றார்.

"மாசத்துக்குப்பா."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மரம் ஏறி இறங்கிய உடம்பு வலிக்கு அதுதான் மருந்து என்று முன்பெல்லாம் சொல்வார். அதில் பொய்யும் இல்லை. விழுந்த பிறகு குறைந்தது. நின்றுவிட்டது என்று எழுதினால் நோட்டு ஒத்துக்கொள்ளாது. இப்போதும் மாதம் இரண்டு, மூன்று 'கடை' உண்டு. ஆனால், அன்றிலிருந்து அதை எழுதுவது அம்மா இல்லை. அப்பாவே எழுதுகிறார்.

ஜீப்புக்கும் காருக்கும் ஒரே கட்டம்

பக்கத்து வீட்டு மதினிக்கு இன்னும் 1,000 வரவில்லை. நிலம் இல்லை, வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்ற வரம்பின் பக்கத்தில்கூட இல்லை. ஆனால், அவர் மகன் மலைக்கிராமங்களுக்கு ஆள் ஏற்றிப் போக, கடனில் ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தான். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப் வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தொகை இல்லை என்பது விதி. அந்த ஜீப் பிழைப்புக்கு ஓடுகிறது என்பதை விளக்க மதினி மேல்முறையீடு செய்தார். பதில் மாறவில்லை.

விதி எதற்கு என்பது அம்மாவுக்கும் புரிகிறது. காசு எல்லையில்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கையில், ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்று சொன்னபோது, "நம்ம பங்குக்கும் ரெண்டு வட்டியா?" என்று அப்பா கேட்டு வீடே சிரித்தது. மத்திய வரியில் பகிர்ந்து தரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 15-வது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4 ரூபாய் 8 காசுக்குள்தான் என்ற வழக்கும் பட்ஜெட்தோறும் நடக்கிறது. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று அரசும் ஒரு நோட்டு போடத்தான் வேண்டும். ஆனால், அந்த நோட்டில் வங்கித் தவணைக்கு ஓடும் ஜீப்பும் வாசலில் நிற்கும் காரும் ஒரே கட்டத்தில் விழுந்தால், நஷ்டம் மதினிக்கு. அண்ணாச்சி கடையில் மதினிக்கு 15-ம் தேதி இல்லை.

குழுக் கடனும் மதினிக்கும் அம்மாவுக்கும் ஒன்றுதான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கடன் வசூலில் மிரட்டலையும் கட்டாயத்தையும் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டால் புகார் கொடுக்கலாம் என்று மகள் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். ஆனாலும், செவ்வாய் செவ்வாய்தான்.

அடுத்த நோட்டு

அப்பா இப்போது ஒரு தோப்பில் காவலும் தண்ணீர் பாய்ச்சலும் பார்க்கிறார். மரம் ஏறுவதில்லை. கூலி முன்னைவிடக் குறைவு. ஆனால், வாரக் கடைசியில் கிடைக்கிறது. நோட்டின் இடது பக்கத்தில் 'சனி' என்று ஒரு நாள் சேர்ந்திருக்கிறது.

15-ம் தேதி வரும் 1,000-ல் 500 ரூபாயை அஞ்சலகத்தில் மகள் பெயரில் ஆர்.டி போடுகிறார் அம்மா. அவருக்கு ஓர் ஆசை இருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் இரண்டு சென்ட் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 2 லட்சத்துக்கு. முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக்கட்டணம் 2 சதவிகிதம். மொத்தம் 18,000 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. 16,000 போதும்.

"ரெண்டாயிரம் மிச்சம்" என்றாள் மகள்.

"ரெண்டு மாசத்துக் காசு" என்றார் அம்மா. இப்போதெல்லாம் அவர் எந்தத் தொகையையும் அப்படித்தான் அளக்கிறார். 2 லட்சம் என்பது அந்த அளவில் 200 மாதம். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார். ஆனால், எங்கே பதியலாம், யார் பெயரில் பதியலாம் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2026-ல் மகளின் படிப்பு முடிகிறது. அதோடு புதுமைப்பெண் 1,000 நின்றுவிடும். இடது பக்கத்தில் தேதியோடு இருக்கும் ஒரு வரி குறையும்.

பழைய நோட்டு நிறைந்துவிட்டது. புது நோட்டுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தாள் மகள். முதலில் வலது பக்கம், வழக்கம்போல. செவ்வாய் 650. ஐந்தாம் தேதி 400. பிறகு இடது பக்கம். சனி, கூலி. 15, உரிமைத் தொகை. அதற்கு மேலே ஒரு வரி காலியாக விட்டு, யோசித்து, எழுதினாள்: '1-ம் தேதி - சம்பளம்'. தொகை எழுதவில்லை.

அம்மா பார்த்தார். எந்த வேலை, எந்த ஊர், எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை.

"தொகைய பெறகு எழுதிக்கலாம் தாயி" என்றார். "தேதி இருக்கட்டும்."